மண்ணுப் பையில் யார் பேர்?

"நம்ம முன்னோருங்க மண்ணைத் தெய்வமாக் கும்பிட்டாங்க. அதனாலதான் அன்னிக்கு மண்ணுல உயிர் இருந்துச்சு."

போன சித்திரையில் ஒரு இயற்கை விவசாயக் கூட்டத்தில் மேடையில் இருந்தவர் இப்படிப் பேசினார். தும்பைப்பூ வேட்டி, தோளில் பச்சைத் துண்டு. பயிரின் வேரோடு ஒட்டி வாழும் பூசணங்களைப் பற்றியும் சொன்னார். ஒரு கைப்பிடி மண்ணில் எத்தனை வகை இருக்கிறது, உப்பு உரம் போட்டு அதையெல்லாம் எப்படி அழித்துவிட்டோம், பாட்டன் பூட்டன் அதை எப்படிக் காத்தார்கள் என்று அடுக்கினார். கீழே கைதட்டல். மண்டபத்து வாசலில் கம்பங்கூழ் டம்ளர் முப்பது ரூபாய். நான் வாங்கவில்லை. அதே கூழை எங்க ஆயாவுக்கு ஆண்டை வீட்டுப் பின்பக்கம் நிறுத்தி வைத்து கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள். அதற்குக் காசு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எந்த முன்னோர், யாருடைய பாட்டன் என்று எழுந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்காமல் வந்தது நெஞ்சில் முள்ளாக் கெடக்குது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பூசணத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும் என்று நினைக்கலாம். 1997லிருந்து நாலு வருஷம் ஒரு வேளாண்மை ஆய்வுக்கூடத்தில் தினக்கூலியாக இருந்தவள் நான். மண் சலிக்கிறது, வேர் கழுவுறது, கண்ணாடிச் சாமான் கழுவுறது என் வேலை. பிளஸ்டூ படித்தவள் என்பதால் பையில் பேர் எழுதுகிற வேலையும் கொடுத்தார்கள். அந்தப் பேர் எழுதுகிற சங்கதிக்குப் பின்னால் வருகிறேன்.

வாளித் தண்ணீரில் மண்ணைப் போட்டுக் கலக்க வேண்டும். கனமான மணல் அடியில் தங்கியதும் மேல்தண்ணீரை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்த சல்லடைகளில் ஊற்ற வேண்டும். கடைசிச் சல்லடையின் கண் நாற்பத்தைந்து மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை இருபத்திரண்டு பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. அதில் தங்கியதை வடிதாளில் கொட்டி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தால் ஜவ்வரிசி மாதிரி, தேன்துளி மாதிரி, மஞ்சளும் பழுப்பும் கறுப்புமாக உருண்டை உருண்டையாகக் கிடக்கும். வேர்ப்பூசணத்தின் வித்துகள் அவை. 1963இல் கெர்டமன், நிக்கல்சன் என்கிற இரண்டு பேர் எழுதிவைத்த முறை இது என்று சார் சொல்வார். எழுதியவர் பேர் எல்லாருக்கும் தெரியும். இந்த நாட்டில் தண்ணீரில் கையை ஊறப்போட்டுச் சலித்தவர்கள் எத்தனை பேருக்கு அந்தச் சேற்றுப்புண் இருந்தது என்று எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

வேரைக் காரத்தில் வேகவைத்து நீலச்சாயம் ஏற்றிப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். வேரின் அறைக்குள்ளே ஒரு குட்டி மரம் கிளை விரித்து நிற்கும். பூசணம் வெளியே நின்று கும்பிடு போடுகிற ஜாதி இல்லை. நேராக உள்ளே போய் உட்காருகிறது. செடி தான் வெயிலில் சமைத்த சர்க்கரையில், கொழுப்பில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கிறது. சில நேரம் அஞ்சில் ஒரு பங்கு வரைக்கும்கூட. பூசணம் பதிலுக்கு மணிச்சத்தும் துத்தநாகமும் கொண்டுவந்து கொடுக்கிறது. மணிச்சத்து மண்ணில் நகராத சத்து. எங்கள் பக்கத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். கரிசலில் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அதோடு சரி, பக்கத்தில் இருப்பது தானாக வந்து சேராது. வேர்மயிரைவிட மெல்லிய பூசண இழைதான் அதைத் தாண்டிப் பல சென்டிமீட்டர் போய், வேர் நுழையாத இடுக்கில் நுழைந்து எடுத்துவருகிறது. ஸ்காட்லாந்தில் ரைனி என்கிற ஊரில் நாற்பது கோடி வருஷத்துக் கல்லில், சரியாக வேரே முளைத்திராத செடிகளுக்குள் இந்தக் குட்டி மரம் இருக்கிறது. 1885இல் ஜெர்மனியில் ஃபிராங்க் என்பவர் வேரும் பூசணமும் சேர்ந்த இந்த வாழ்வுக்கு மைகோரைசா என்று பேர் வைத்தார். கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கிக் குடும்பம் இதைச் சேர்த்துக்கொள்வதில்லை. நாம் தின்கிற மற்றதில் பெரும்பாலும், கம்பு, சோளம், கேழ்வரகு, துவரை, காராமணி, மல்லாட்டை, மரவள்ளி எல்லாம் இதோடு கூட்டுச் சேர்ந்துதான் விளைகிறது. தண்ணீர் நிற்கிற நெல் வயலில் இது குறைச்சல்.

இனி பையின் கதை. 1999 ஆடி மாசம் மண் எடுக்க ஜீப்பில் கள்ளக்குறிச்சிப் பக்கம் போனோம். போன இடம் எங்க ஆயா முப்பது வருஷம் படியாளாக இருந்த கொல்லை. நான் சொல்லவில்லை, தானாக அமைந்தது. ஆயா அப்போது உயிரோடு இருந்தாள், களை வெட்டிக்கொண்டிருந்தாள். சார் கேட்கக் கேட்க அவள்தான் சொன்னாள், எந்தப் பக்கம் ஈரம் தங்கும், எந்த மூலையில் ஆட்டுக்கிடை போட்டது, எந்தச் சாலில் போன வருஷம் துவரை நின்றது என்று. நான் பையில் 'விவசாயி பெயர்' என்ற இடத்தில் ஆயா பேரை எழுதினேன்.

"யார் இது? பட்டா இவங்க பேர்லயா இருக்கு?"

"இல்ல சார். எங்க ஆயா. இவங்கதான் வெதச்சாங்க."

"கூலிக்காரங்க பேரையெல்லாம் எழுதினா ரிப்போர்ட் எப்படிம்மா போகும்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். பேரை அடித்துவிட்டு ஆண்டை பேரை எழுதச் சொன்னார், எழுதினேன். ஆண்டை அந்த நேரத்தில் டவுனில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னம்மா அடிச்ச?" என்றாள். தப்பா எழுதிட்டேன் ஆயா என்றேன். அந்தப் பொய்தான் இன்றைக்கு வரைக்கும் உறுத்துது, அந்த சார்மேல் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

அந்த மண்ணைச் சலித்தவள் நான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டி.ஏ.பி. கொட்டிக் கரும்பு மேல் கரும்பாகப் போட்ட வயலின் மண்ணையும் சலித்தவள் நான். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயா கொல்லையின் வடிதாளில் விதவிதமான உருண்டை. கரும்பு வயலில் ஒரே தினுசு. ஊருலகத்தில் இதை முறையாகவே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் ஹெல்கசன் என்பவரும் கூட்டாளிகளும் உழுத வயலையும் பக்கத்துக் காட்டையும் ஒப்பிட்டு, வயலில் பூசண வகை மிகக் குறைந்துபோனதை 1998இல் எழுதினார்கள். அதே 1998இல் ஹைடன் என்பவரும் கூட்டாளிகளும் பூசண வகை கூடக்கூடச் செடி வகையும் விளைச்சலும் கூடுவதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒவ்வொரு பூசணத்துக்கும் ஒவ்வொரு சாமர்த்தியம். ஒன்று தூரம் ஓடும், ஒன்று வறட்சிக்கு நிற்கும், ஒன்று நூற்புழுவுக்கும் வேரழுகலுக்கும் தடுப்பாக நிற்கும். ஒரே ஒன்று மட்டும் மிஞ்சினால் அதன் சாமர்த்தியத்தோடு சரி.

ஆயா கொல்லையில் ஏன் இத்தனை வகை? மேடைக்காரர் சொன்ன கும்பிடு காரணமா? கேளுங்கள்.

ஆயா ஆடியில் கம்பு விதைக்கும்போது சாலுக்குச் சால் துவரை போடுவாள், ஊடால காராமணி, ஓரத்தில் ஆமணக்கு, புளிச்சகீரை. கம்பு அறுத்த பிறகும் துவரை தை மாசி வரைக்கும் நிற்கும். ஊரே காய்ந்து கிடக்கிற காலத்தில் அந்தக் கொல்லையில் உயிருள்ள வேர் இருந்தது. இந்தப் பூசணத்துக்கு வேண்டியது அதுதான். செத்த குப்பையைத் தின்று வாழ்கிற பூசணம் வேறு, எருக்குழியில் வெள்ளையாகப் படர்கிறது அது. வேர்ப்பூசணத்துக்கு உயிருள்ள வேர் இல்லாவிட்டால் பிழைப்பில்லை, வித்தாகச் சுருண்டு கிடந்து காத்திருக்கும், ரொம்ப நாள் வெறும் தரையாகப் போட்டால் செத்தும் போகும். ஆஸ்திரேலியாவில் தரிசாக நெடுநாள் போட்ட நிலத்தில் அடுத்த பயிர் சவலையாகப் போனதற்கு இதுதான் காரணம் என்று 1987இல் தாம்சன் என்பவர் கண்டார். சோளத்தோடு சேர்ந்து நிற்கிற துவரையில் வாடல் நோய் குறைவதையும் பதான்செருவு இக்ரிசாட்டில் பார்த்திருக்கிறார்கள். அந்த வாடலைக் கொண்டுவருவதும் மண்ணில் வாழ்கிற ஒரு பூசணம்தான்.

ஆயா இதற்காகவா கலந்து விதைத்தாள்? இல்லை. கம்பும் துவரையும் களத்தோடு ஆண்டை வீட்டுக்குப் போகும். படியாளுக்கு அளந்து கொடுத்தது போக, ஓரத்துக் காராமணியும் புளிச்சகீரையும் ஆமணக்கு முத்தும்தான் அவள் பிடுங்கிக்கொண்டு போனால் யாரும் கேட்காதது. அதனால் ஓரத்தை அகலப்படுத்திக்கொண்டே போனாள். இப்போது பல்லுயிர் என்று பேர் வைத்திருக்கிறார்களே, ஆயா அதுக்கு வச்ச பேரு வயிறு. எரு? ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையிலிருந்து கூடை கூடையாகத் தலையில் சுமந்து போட்டது அவளும் எங்க அம்மாவும். மூத்திரமும் சாணித்தண்ணியும் முகத்தில் வழியும். அந்தத் தலையோடு தெருவில் நடந்தால் தீட்டு. அந்தத் தலை சுமந்த எருவில் விளைந்த கம்பு தீட்டில்லை. இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுத்த முன்னோரைத்தான் மேடையில் கும்பிடச் சொல்கிறார்கள்.

ஆல்பர்ட் ஹோவர்ட் என்கிற வெள்ளைக்காரரை இயற்கை விவசாயத்தின் தந்தை என்கிறார்கள். பூசாவிலும் இந்தூரிலும் இருந்தவர், 1940இல் எழுதிய புஸ்தகத்தில் இந்த வேர்ப்பூசணத்துக்குப் பெரிய இடம் கொடுத்தவர். இந்திய விவசாயிகளிடம் படித்தேன் என்று ஒத்துக்கொண்டவர், அந்த மட்டும் நல்லவர். ஆனால் அவர் சொன்ன விவசாயி என்கிற சொல்லுக்குள் யார் நிலத்துக்காரன், யார் சாணிக்கூடை தூக்கினவள் என்று பிரிக்கவில்லை. அவரைப் படித்துவிட்டு வந்த நம்மூர்க்காரர்களும் பிரிக்கவில்லை. பிரித்தால் சங்கடம்.

இப்போது ரெண்டு வியாபாரம் நடக்குது. ஒன்று பாக்கெட். வேர்ப்பூசணத்தைத் தொட்டியில் மக்காச்சோளமோ சோளமோ வளர்த்து, அதன் வேரோடு பெருக்கி, வெர்மிகுலைட்டில் கலந்து விற்பது. பெங்களூரில் பாக்கியராஜ் போன்றவர்கள் இதற்காக வாழ்நாள் உழைத்தார்கள், அதைக் குறை சொல்லவில்லை. நாற்றங்காலில் போட்டால் பலன் உண்டு. ஆனால் பாக்கெட்டில் ஒன்றோ சிலவோ வகைதான் இருக்கும். பல நாடுகளில் கடைப் பாக்கெட்டுகளை வாங்கிச் சோதித்தபோது பலவற்றில் வேரில் ஏறுகிற உயிரே இல்லை. இருக்கிற கூட்டத்தைக் கரும்பும் டி.ஏ.பி.யும் போட்டு ஒழித்துவிட்டு ஒத்தை ஆளைக் கடையில் வாங்கி விடுவது என்ன புத்தியோ. மணிச்சத்து மிதமிஞ்சி இருக்கிற மண்ணில் செடியே பூசணத்துக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. உனக்கெதுக்குச் சோறு போடணும் என்கிற கதைதான்.

இன்னொன்று டிரம். நாட்டு மாட்டுச் சாணி, கோமியம், வெல்லம், பயறு மாவு, வரப்பு மண் ஒரு கைப்பிடி. கலக்கி வைத்தால் பூசணம் கோடி கோடியாகப் பெருகும் என்கிறார்கள். பாக்டீரியா பெருகும், ஈஸ்ட் பெருகும், வேறு பூசணமும் பெருகலாம். வேர்ப்பூசணம் பெருகாது. உயிருள்ள வேர் இல்லாமல் அதை யாராலும் வளர்க்க முடியவில்லை என்று நாலு வருஷம் ஆய்வுக்கூடத்தில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருக்கிறது. வெல்லத் தண்ணியில் அது குடியேறாது. புனித மாடு, புனித மூத்திரம் என்று சாதியைத்தான் இதில் கரைத்து ஊற்றுகிறார்கள். அந்த மாடு செத்தால் தூக்க எங்களைக் கூப்பிட்டதையும், அதைத் தின்றதற்கு எங்களைக் கீழ்சாதி என்றதையும் டிரம்மில் போடவில்லை.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. படித்தவர்கள், நமக்கு நண்பர்கள். பூசண இழை வழியாக மரங்கள் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது, மண்ணுக்குக் கீழே சமத்துவம் இருக்கிறது, மனுசன்தான் கற்றுக்கொள்ளவில்லை என்று உருகுகிறார்கள். 1997இல் கனடாவில் சிமார்ட் செய்த சோதனையிலிருந்து ஊதிப் பெருத்த கதை இது. 2023இல் அதே துறையின் மூன்று ஆய்வாளர்கள், கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா, காட்டில் இதற்கெல்லாம் போதுமான சான்று இல்லை, ஆளுக்கு ஆள் ஏற்றிச் சொல்லிவிட்டோம் என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சான்றுகூட வேண்டாம். கிராமம் ஒரு குடும்பம் என்று கேட்டு வளர்ந்த காது இது. அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தை அரசியலின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்தார். மண்ணுக்கு மேலே பொய்யென்று நிரூபணமான குடும்பத்தை மண்ணுக்குக் கீழே கொண்டுபோய் நடுகிறார்கள். பூசணமும் வேரும் அன்பால் சேரவில்லை, கொடுக்கல் வாங்கலால் சேர்ந்திருக்கின்றன. இன்னொன்றையும் சொல்கிறேன். பூசணத்தைக் கூப்பிட வேர் மண்ணில் விடுகிற ஒரு சாறு, அதன் பேர் ஸ்ட்ரிகோலாக்டோன், அதை மோப்பம் பிடித்துத்தான் சுடுமல்லியும் முளைத்துச் சோளத்தின் வேரை உறிஞ்சுகிறது. கூட்டாளிக்குப் போட்ட சத்தம் திருடனுக்கும் கேட்கும். மண் இப்படித்தான். அதில் நீதிக்கதை தேடாதீர்கள்.

நான் தேடுவது வேறு. நிலத்தில் பூசண வகை சேருவதற்கு வருஷக்கணக்கில் ஒரே கை வேண்டும். உழவைக் குறைக்கணும், எரு அடிக்கணும், பயிரை மாற்றிப் போடணும், கோடையிலும் ஏதோ ஒரு வேரை நிறுத்தி வைக்கணும். இதற்கெல்லாம் பலன் அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்தான். அந்த வருஷம் அந்தக் கொல்லையில் இருப்போமா என்று தெரியாதவன் இதை ஏன் செய்வான்? 1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்தது. எங்கள் பக்கம் வாய்வார்த்தைக் குத்தகைதான். பதிவு என்று வாயெடுத்தால் அன்றைக்கே காடு போச்சு. 2015இல் வந்த மண்வள அட்டையில் பன்னிரண்டு சங்கதி எழுதுகிறார்கள்: கார அமிலம், உப்பு, கரிமம், தழை மணி சாம்பல், கந்தகம், போரான், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு. இதில் உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. 2019இல் வந்த வருஷத்துக்கு ஆறாயிரம் ரூபாய் உதவியும் நிலம் பேரில் உள்ளவனுக்குத்தான், உழுகிற குத்தகைக்காரனுக்கு இல்லை.

2011 கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு இருபது பேர் நாம். நிலம்? நாடு முழுக்க எடுத்தால் 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருந்தது நூற்றுக்கு ஒன்பதுகூட இல்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதி, 1892இல் உத்தரவாகிக் கொடுத்த பஞ்சமி நிலம் எங்கே? கொடுத்ததும் நல்ல நஞ்சை இல்லை, தரிசு. கல்லும் கள்ளியும் பொறுக்கி எருவடித்து அதை மண்ணாக்கினது நம்ம ஆளுங்க. பிற சாதிக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தும், மண் மண்ணானதும் பிடுங்கிக்கொண்டார்கள். வேர்ப்பூசணத்தைப் பற்றிக் கவலைப்படுகிற மேடைகளில் பஞ்சமி நிலம் என்ற சொல்லை நான் ஒருதரமும் கேட்டதில்லை. மண்ணில் உயிர் வேண்டும் என்றால் உயிரைச் சேர்க்கிறவன் கையில் மண் இருக்கணும். அதைப் பேசாமல் டிரம் கலக்கினால், பாக்கெட் விற்றால், கூழுக்கு முப்பது ரூபாய் வாங்கினால், அதுக்குப் பேர் விவசாயம் இல்லை.

ஆயா கொல்லையில் இப்போது மனைக்கல் நட்டிருக்கிறது.

எங்க சித்தப்பா மகன் பக்கத்திலேயே ரெண்டு ஏக்கர் வாய்க் குத்தகைக்குப் பிடித்திருக்கிறான். போன மாசம் போன் பண்ணினான். "அக்கா, டிராக்டர்ல ஆறு நடை எரு வருது, காசு கேக்குறான். நீதான் மண்ணு வேலை பாத்தவ. அடிக்கட்டுமா?" தையில் நிலத்தைத் திருப்பிக் கேட்டாலும் கேட்பேன் என்று நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறாராம். அந்த எரு இந்த வருஷத்துக்குப் பாதிகூட உதவாது. மூன்றாம் வருஷம் அந்த மண்ணைச் சலித்தால் சல்லடையில் என்னென்ன தங்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வேண்டாம்டா, அடிக்காத, ஒரு மூட்டை டி.ஏ.பி. வாங்கிப் போட்டுக்க என்று சொல்லிவிட்டேன்.